வரைபடக் கோடுகள் எல்லைகளான கதை

சோவியத் யூனியன் பெரும் போர் எதுவும் இல்லாமல் பதினைந்து நாடுகளாகப் பிரிந்தபோது உலகம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் பாகப்பிரிவினைக் கணக்கு அன்றோடு முடிந்துவிடவில்லை.

1991 மே 18 அன்று கஜகஸ்தானில் உள்ள பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து விண்ணுக்குக் கிளம்பியபோது செர்கேய் கிரிக்காலியோவ் சோவியத் குடிமகன். சொந்த ஊர் லெனின்கிராட். ‘மிர்’ விண்வெளி நிலையத்தில் சுமார் ஐந்து மாதம் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. ஆனால் கீழே நிலைமை வேறு விதமாகப் போய்க்கொண்டிருந்தது. பணத் தட்டுப்பாட்டால் இரண்டு பயணங்கள் ஒன்றாகச் சுருக்கப்பட்டன. ஏவுதளம் தங்கள் மண்ணில் இருக்கிறது என்று உரிமை பேசத் தொடங்கியிருந்த கஜகஸ்தானைத் திருப்திப்படுத்த, அக்டோபரில் போன விண்கலத்தில் கஜக் வீரர் ஒருவருக்கு இடம் தர வேண்டியிருந்தது. கிரிக்காலியோவின் வேலையை ஏற்கப் பயிற்சி பெற்ற ஆள் யாரும் வரவில்லை. அவர் மேலேயே தங்கிவிட்டார்.

311 நாட்களுக்குப் பிறகு, 1992 மார்ச் 25 அன்று அவர் தரையிறங்கினார். அவரை அனுப்பிய நாடு அப்போது இல்லை. சொந்த ஊரின் பெயர் பீட்டர்ஸ்பர்க் என்று மாறியிருந்தது. கால் பதித்த இடமோ வெளிநாடு.

கிரிக்காலியோவின் கதை உலகப் பத்திரிகைகளில் வந்தது. தரையிலேயே இருந்துகொண்டு அதே அனுபவத்துக்கு ஆளானவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். 1989 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சோவியத் யூனியனில் 28 கோடிக்கு மேற்பட்ட மக்கள். அவர்களில் ருஷ்யர்கள் பாதிக்குச் சற்று அதிகம். அந்த ருஷ்யர்களிலும் சுமார் இரண்டரைக் கோடிப் பேர் ருஷ்யக் குடியரசுக்கு வெளியே வசித்தார்கள். தொழிற்சாலை வேலைக்கும், சுரங்கத்துக்கும், ராணுவப் பணிக்கும், திருமணமாகியும் போனவர்கள். உக்ரைனியர்கள், ஆர்மீனியர்கள், தாத்தார்கள் என்று மற்ற இனத்தவரும் இப்படியே சிதறிக் கிடந்தார்கள். 1991 டிசம்பரில் இவர்களில் யாரும் வீட்டை விட்டு நகரவில்லை. எல்லை நகர்ந்து வந்து அவர்களைச் சூழ்ந்துகொண்டது.

அந்த எல்லைகள் எப்படி வந்தன என்பதில்தான் சோவியத் யூனியன் உடைந்த விதமும், அதற்குப் பிறகு அங்கே நடந்த போர்களின் காரணமும் அடங்கியிருக்கின்றன.

காகிதத்தில் ஓர் உரிமை

ஜார் மன்னர்களின் பேரரசை ‘தேசிய இனங்களின் சிறைச்சாலை’ என்று வர்ணித்தவர்கள் போல்ஷெவிக்குகள். ஆட்சிக்கு வந்ததும் அந்தச் சிறையை என்ன செய்வது என்ற கேள்வி அவர்கள் முன்னே நின்றது. மற்ற குடியரசுகள் சுயாட்சிப் பகுதிகளாக ருஷ்யாவுக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்றார் ஸ்டாலின். அவர் ருஷ்யர் அல்ல, ஜார்ஜியர். நோயில் விழுந்திருந்த லெனின் அதை ஏற்கவில்லை. ருஷ்யா உட்பட எல்லாக் குடியரசுகளும் சம அந்தஸ்துடன் சேர்ந்த ஒன்றியமாக அது இருக்க வேண்டும், விலகும் உரிமையும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1922 டிசம்பர் 30 அன்று ருஷ்யா, உக்ரைன், பெலாரஸ், டிரான்ஸ்காக்கசியா ஆகிய நான்கும் சேர்ந்து சோவியத் யூனியனை அமைத்தன.

லெனின் கேட்ட உரிமை கடைசிவரை சட்டத்தில் இருந்தது. 1977-ல் பிரெஷ்னேவ் காலத்தில் வந்த அரசியல் சட்டத்தின் 72-வது பிரிவு, ஒவ்வொரு குடியரசும் ஒன்றியத்திலிருந்து சுதந்திரமாக விலகலாம் என்று கூறியது. எப்படி விலகுவது என்று சொல்ல மட்டும் 1990 ஏப்ரல் வரை எந்தச் சட்டமும் இல்லை. அந்த உரிமையை யாராவது பயன்படுத்துவார்கள் என்று மாஸ்கோவில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

1924 முதல் மத்திய ஆசியா இன அடிப்படையில் குடியரசுகளாக வகுக்கப்பட்டது. உஸ்பெக், தஜிக், கிர்கிஸ் மக்கள் ஒரே சந்தையில் வாங்கி விற்று, ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சிவந்த ஃபெர்கானா சமவெளி மூன்று குடியரசுகளிடையே துண்டானது. ஒரு குடியரசின் கிராமம் இன்னொரு குடியரசின் நடுவே தீவாக நின்றது. ஆர்மீனியர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகோர்னோ-கராபாக் அஜர்பைஜானுக்குள் ஒரு சுயாட்சிப் பகுதியாக வைக்கப்பட்டது. 1954 பிப்ரவரியில் கிரிமியா ருஷ்யாவிடமிருந்து உக்ரைனுக்கு மாற்றப்பட்டது.

அன்று இதனால் பெரிய சிக்கல் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே ரூபிள், ஒரே ராணுவம். எந்த ஊரில் எந்த ஆலை வர வேண்டும் என்பதை மாஸ்கோவின் திட்டக் கமிஷன் முடிவு செய்தது. எந்தக் குடியரசிலும் கடைசி வார்த்தை கம்யூனிஸ்ட் கட்சியுடையது. மாவட்ட எல்லைக்கு நம் ஊரில் என்ன மதிப்போ அதே மதிப்புதான் குடியரசு எல்லைக்கும்.

ஆனால் கோடு போட்டதோடு சோவியத் அரசு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு குடியரசுக்கும் ஒரு சட்டமன்றம், ஒரு கொடி, சொந்த மொழியில் பள்ளிக்கூடங்கள், ஓர் எழுத்தாளர் சங்கம் என்று ஏற்படுத்தித் தந்தது. உக்ரைனும் பெலாரஸும் 1945 முதல் ஐ.நா. சபையில் தனி உறுப்பினர்கள். ஒரு நாட்டுக்கு வேண்டிய எல்லாமே ஏறக்குறைய அங்கே தயாராக இருந்தது. இல்லாதது அதிகாரம் ஒன்றுதான். அந்த அதிகாரத்தை ஒரே கையில் வைத்திருந்த கட்சி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1980-களின் கடைசி வருடங்கள் காட்டின.

பேச ஆரம்பித்த குடியரசுகள்

1985 மார்ச்சில் பதவிக்கு வந்த மிகையில் கோர்பசேவுக்கு யூனியனைக் கலைக்கும் எண்ணம் துளியும் இல்லை. அவருடைய கவலை பொருளாதாரம். 1986-ல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. சோவியத்துக்கு டாலர் வருமானம் பெரும்பாலும் எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான். அந்த டாலரில்தான் தானியம் வாங்கினார்கள். ஆப்கானிஸ்தானில் போர் நடந்துகொண்டிருந்தது. அது முடிவதற்குள் சுமார் 15,000 சோவியத் வீரர்கள் உயிரிழந்தார்கள். 1986 ஏப்ரல் 26 அன்று உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்தது. பக்கத்திலுள்ள கீவ் நகரில் விஷயத்தை மறைத்து மே தின ஊர்வலத்தை வழக்கம்போல் நடத்தினார்கள். மாஸ்கோவை நம்பி உயிரைக்கூட ஒப்படைக்க முடியாது என்ற எண்ணம் உக்ரைனில் வேர்விட்டதற்கு அந்த மௌனம் ஒரு முக்கியக் காரணம்.

ஒளிவு மறைவற்ற விவாதம் என்ற ‘கிளாஸ்னோஸ்த்’ கொள்கையை கோர்பசேவ் கொண்டுவந்தார். நிர்வாகச் சீர்கேட்டைப் பற்றி மக்கள் பேசுவார்கள், சீர்திருத்தத்துக்கு வழி பிறக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். குடியரசுகளில் மக்கள் பேசியது வேறு: எங்கள் வரலாறு என்ன ஆயிற்று, எங்கள் மொழி எங்கே போயிற்று?

மொழிக் கோபம் புதிதல்ல. 1978-லேயே ஜார்ஜியாவின் அரசியல் சட்டத்திலிருந்து ஜார்ஜிய மொழியின் ஆட்சிமொழி அந்தஸ்தை நீக்க முயன்றபோது டிபிலிசியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு பின்வாங்கியது. 1989-ல் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, மால்டோவா, உக்ரைன் என்று ஒவ்வொரு குடியரசாகத் தன் மொழியை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றியது. மொழியோடு எழுத்தும் அரசியலாயிற்று. அஜர்பைஜான் மக்கள் 1920-கள் வரை அரபு எழுத்தில் எழுதினார்கள். பிறகு லத்தீன் எழுத்து வந்தது. ஸ்டாலின் காலத்தில் ருஷ்யரின் சிரிலிக் எழுத்து திணிக்கப்பட்டது. 1991-ல் மறுபடி லத்தீன். தாத்தா எழுதியதைப் பேரன் படிக்க முடியாத நிலை ஒரே நூற்றாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்துவிட்டது.

கராபாக்கில் ரத்தம் சிந்தியது. 1988 பிப்ரவரி 20 அன்று அதன் மன்றம் ஆர்மீனியாவுடன் சேர வாக்களித்தது. சில நாட்களில் அஜர்பைஜானின் சும்காயித் நகரில் ஆர்மீனியர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இரு தரப்பிலும் லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பினார்கள். காகிதத்தில் கிடந்த கோடு அன்றைக்கே எல்லையாகிவிட்டது.

பால்டிக் குடியரசுகள் மூன்றும் வேறு பாதையில் போயின. 1939-ல் ஹிட்லரும் ஸ்டாலினும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ரகசியப் பிரிவுகள்தான் தங்களை சோவியத் கையில் சிக்கவைத்தன என்பது அவர்கள் வாதம். அதன் 50-வது ஆண்டு நாளான 1989 ஆகஸ்ட் 23 அன்று தாலின், ரீகா, வில்னியஸ் தலைநகரங்களை இணைத்து 600 கிலோமீட்டருக்கு மேல் சுமார் 20 லட்சம் பேர் கைகோத்து நின்றார்கள். அந்த ரகசியப் பிரிவுகள் செல்லாதவை என்று அந்த ஆண்டு டிசம்பரில் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவையே தீர்மானம் போட்டது. 1990 மார்ச் 11 அன்று லிதுவேனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. மாஸ்கோ பொருளாதாரத் தடை விதித்தது. 1991 ஜனவரி 13 அன்று வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பிடிக்க டாங்கிகளை அனுப்பியது. 14 பேர் இறந்தார்கள். லிதுவேனியா பணியவில்லை.

அதற்கு முன்பே 1989 ஏப்ரலில் டிபிலிசியிலும் 1990 ஜனவரியில் பாகுவிலும் ராணுவம் மக்கள் மீது பாய்ந்திருந்தது. பாகுவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் பலி. நாட்டைக் கையில் வைத்திருக்கப் போதுமான அளவுக்கு கோர்பசேவ் பலம் பிரயோகிக்கவில்லை என்று பழைமைவாதிகள் அவரைச் சாடினார்கள். பயன்படுத்திய அளவு, மக்கள் அவரை வெறுக்கப் போதுமானதாக இருந்தது.

பெரியண்ணன் விலகினார்

சிறிய குடியரசுகள் பிரிந்து போனதால் மட்டும் யூனியன் கலைந்துவிடவில்லை. ருஷ்யாவே விலக முடிவு செய்ததும் அது கலைந்தது. மற்ற குடியரசுகளுக்கெல்லாம் சொந்தக் கம்யூனிஸ்ட் கட்சி இருந்தது. ருஷ்யாவுக்கு மட்டும் 1990 வரை இல்லை. யூனியனே ருஷ்யா என்ற நினைப்புதான் காரணம். அந்த நினைப்பை உடைத்தவர் போரிஸ் யெல்ட்சின். எண்ணெயும் எரிவாயுவும் நம்முடையவை, அவற்றைக் கொண்டு மற்றவர்களுக்கு ஏன் சோறு போட வேண்டும் என்ற பேச்சு ருஷ்யாவில் எடுபட்டது. 1990 ஜூன் 12 அன்று ருஷ்யா தன் இறையாண்மையைப் பிரகடனம் செய்தது. சரியாக ஓராண்டு கழித்து யெல்ட்சின் மக்கள் வாக்கில் ருஷ்ய அதிபரானார். கோர்பசேவ் அதுவரை பொதுத் தேர்தலைச் சந்தித்தவர் அல்ல. கிரெம்ளினில் இருவர் உட்கார இடம் இல்லை.

1991 மார்ச் 17 அன்று கோர்பசேவ் ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தினார். சமஉரிமையுள்ள குடியரசுகளின் புதுப்பிக்கப்பட்ட கூட்டாட்சியாக யூனியனைக் காக்க வேண்டுமா என்பது கேள்வி. ஆறு குடியரசுகள் புறக்கணித்தன. வாக்களித்தவர்களில் 76 சதவீதத்தினர் ‘ஆம்’ என்றார்கள். உக்ரைனிலும் 70 சதவீதம் ‘ஆம்’. அதே உக்ரைன் மக்கள் டிசம்பர் 1 அன்று 90 சதவீதத்துக்கு மேல் தனி நாட்டுக்கு வாக்களித்தார்கள். ருஷ்ய மொழி பேசுவோர் நிறைந்த தோனெத்ஸ்க் பகுதியில்கூட 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. ருஷ்யர்கள் பெரும்பான்மையாக இருந்த கிரிமியாவிலும் பாதிக்கு மேல்.

இந்த ஒன்பது மாதத்தில் என்ன நடந்தது? ஆகஸ்ட் நடந்தது. குடியரசுகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் புதிய ஒப்பந்தத்தில் ஆகஸ்ட் 20 அன்று கையெழுத்திட இருந்தார்கள். அதைத் தடுக்க, அதற்கு முந்தைய நாள் துணை அதிபர் யானாயேவ், உளவுத்துறைத் தலைவர் கிரியுச்கோவ், ராணுவ அமைச்சர் யாசோவ் உள்ளிட்ட எட்டுப் பேர் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். கோர்பசேவ் கிரிமியாவில் ஓய்வு மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார். தொலைக்காட்சி ‘அன்னப் பறவை ஏரி’ நடனத்தை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. மாஸ்கோவில் யெல்ட்சின் டாங்கியின் மேல் ஏறி நின்று மக்களை அழைத்தார். மூன்று இளைஞர்கள் உயிரிழந்தார்கள். மூன்றே நாளில் சதி சரிந்தது. யூனியனைக் காப்பாற்றுவதாகச் சொல்லி இறங்கியவர்கள் அதன் கதையை முடித்துவைத்தார்கள். கட்சி தடை செய்யப்பட்டது. மாஸ்கோவில் நாளை யார் ஆட்சிக்கு வருவாரோ என்ற பயம் எல்லாத் தலைநகரங்களையும் பிடித்துக்கொண்டது. விலகிக்கொள்வதே பாதுகாப்பு என்று பழைய கட்சித் தலைவர்களும் ஒரே இரவில் தேசியவாதிகளானார்கள்.

காட்டு மாளிகைக் கையெழுத்து

டிசம்பர் 8 அன்று பெலாரஸின் பெலோவெஷ் காட்டில், கட்சிப் பிரமுகர்களின் வேட்டை மாளிகை ஒன்றில் யெல்ட்சின், உக்ரைனின் கிராவ்ச்சுக், பெலாரஸின் ஷுஷ்கேவிச் மூவரும் கூடினார்கள். உக்ரைன் இல்லாத யூனியனில் ருஷ்யாவுக்கு ஆர்வம் இல்லை. யூனியனே இல்லாவிட்டால் கோர்பசேவுக்கு வேலையும் இல்லை. சோவியத் யூனியன் இனி இல்லை என்று மூவரும் கையெழுத்திட்டார்கள். செய்தியை யெல்ட்சின் முதலில் சொன்னது அமெரிக்க அதிபர் புஷ்ஷிடம். கோர்பசேவிடம் சொல்லும் வேலை ஷுஷ்கேவிச் தலையில் விழுந்தது. மத்திய ஆசியத் தலைவர்கள் யாரும் அங்கே இல்லை. டிசம்பர் 21 அன்று அல்மா அட்டாவில் அவர்களும் சேர, 11 குடியரசுகளின் ‘சுதந்திர நாடுகளின் கூட்டமைப்பு’ உருவானது. டிசம்பர் 25 இரவு கோர்பசேவ் விடைபெற்றார். கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது.

அந்தக் காட்டு ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் முக்கியமானது. இருக்கிற எல்லைகளைப் பரஸ்பரம் மதிப்போம் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். திட்டக் கமிஷன் காலத்து நிர்வாகக் கோடுகள் ஒரு பேனாவில் சர்வதேச எல்லைகளாயின. அதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. கோடுகளைத் திருத்தத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை அதே நேரத்தில் யூகோஸ்லாவியா காட்டிக்கொண்டிருந்தது.

பாகப்பிரிவினை

கோடு கிடைத்தது. சொத்து? ஐ.நா. பாதுகாப்புச் சபை இடம் ருஷ்யாவுக்குப் போயிற்று. வெளிநாட்டுக் கடன் முழுவதையும் ருஷ்யா ஏற்றது. பதிலாக வெளிநாட்டில் இருந்த சோவியத் சொத்துகளைத் தன்வசம் வைத்துக்கொண்டது. அந்தக் கடனின் கடைசித் தவணை 2017-ல்தான் கட்டி முடிந்தது. பைக்கனூருக்கு 1994 முதல் ருஷ்யா ஆண்டுக்கு 11.5 கோடி டாலர் வாடகை தருகிறது. கருங்கடல் கடற்படையைப் பிரிக்க 1997 வரை பேச வேண்டியிருந்தது.

மிகப் பெரிய கவலை அணு ஆயுதம். ருஷ்யாவுக்கு வெளியே உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் மூன்றிலும் அவை இருந்தன. உக்ரைன் மண்ணில் இருந்தது உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல். அவற்றை இயக்கும் ரகசியக் குறியீடு மாஸ்கோவிடம் இருந்தது. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ருஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக எழுதிக் கொடுத்தன. 1996-ல் கடைசி ஆயுதமும் ருஷ்யாவுக்குப் போயிற்று. எழுதிக் கொடுத்த காகிதத்தின் மதிப்பு 2014-ல் தெரிந்தது.

சாதாரண மக்களின் பங்குக்கு வந்தது விலைவாசி. 1992 ஜனவரி 2 அன்று ருஷ்யா விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஓராண்டில் விலைகள் சுமார் 26 மடங்காயின. ஆயுள் முழுக்கச் சேர்த்த சேமிப்பு சில மாதச் செலவுக்குக்கூடக் காணவில்லை. ஒரு குடியரசின் பஞ்சை இன்னொரு குடியரசின் ஆலை நூற்ற ஏற்பாடு அறுந்தது. 1990-ல் 64 வயதை நெருங்கியிருந்த ருஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1994-ல் 58-க்கும் கீழே சரிந்தது. போர்க்காலத்தைத் தவிர வேறு எப்போதும் தொழில் வளர்ந்த நாடு ஒன்றில் இப்படி நடப்பது அரிது.

லாத்வியாவிலும் எஸ்தோனியாவிலும் 1940-க்கு முன்பு குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் மட்டுமே தானாகக் குடியுரிமை கிடைத்தது. பிறகு குடியேறிய லட்சக்கணக்கான ருஷ்ய மொழிக்காரர்கள் மொழித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். எழுதாதவர்களுக்கு ‘குடிமகன் அல்லாதவர்’ என்ற கடவுச்சீட்டு. ஐம்பது வருட ஆக்கிரமிப்பில் தங்கள் மொழியே அழியும் நிலைக்கு வந்ததை லாத்வியர்கள் சுட்டிக்காட்டினார்கள். 1989-ல் அவர்கள் சொந்த மண்ணில் அவர்களது பங்கு 52 சதவீதம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முப்பது வருடம் அங்கே வேலை செய்து ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு அது ஆறுதல் ஆகவில்லை.

டில்லியிலும் அதிர்ச்சி

இந்தியாவுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1971 நட்புறவு ஒப்பந்தத்தை இருபது ஆண்டுக்கு நீட்டித்த மை காயுமுன்னே மாஸ்கோவில் சதி நடந்தது. இந்திய ராணுவத் தளவாடங்களில் பெரும்பகுதி சோவியத் தயாரிப்பு. மிக் விமானத்தின் உதிரி பாகங்கள் எந்த நாட்டில் எந்த ஆலையில் கிடைக்கும் என்று தேட வேண்டியதாயிற்று. ரூபாயும் ரூபிளும் கணக்குத் தீர்க்கும் வியாபாரம் நின்றது. தேயிலை, ஆயத்த ஆடை, தோல் பொருள் ஏற்றுமதியாளர்கள் நிலையான ஒரு சந்தையை இழந்தார்கள். பழைய கடனுக்கு எந்த மாற்று விகிதம் என்ற தகராறு 1993 ஜனவரியில் யெல்ட்சின் டில்லிக்கு வந்தபோதுதான் தீர்ந்தது. கிரையோஜெனிக் தொழில்நுட்பம் தர ஒப்புக்கொண்டிருந்த ருஷ்யா, அமெரிக்க நெருக்கடிக்குப் பணிந்து 1993-ல் பின்வாங்கியது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட கூடங்குளம் திட்டம் பத்தாண்டு கிடப்பில் கிடந்து 1998-ல்தான் உயிர் பெற்றது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்ட தமிழ் நூல்கள் நின்றுபோயின. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மொழிபெயர்த்து, நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்த புத்தகங்கள் அவை. அவற்றை எழுதியவர்கள் எல்லோரும் நமக்கு ‘ருஷ்ய எழுத்தாளர்கள்’தான். ‘ஜமீலா’வை எழுதிய சிங்கிஸ் ஐத்மாத்தவ் கிர்கிஸ் இனத்தவர் என்பதும், அவருடைய புல்வெளிகள் ருஷ்யாவில் இல்லை என்பதும் பலருக்கு 1991-க்குப் பிறகே உறைத்தது. சோவியத் நாடு முழுவதையும் ‘ருஷ்யா’ என்று அழைத்துப் பழகிய நமக்கு, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை மக்கள் மறைந்திருந்தார்கள் என்பது நாடு உடைந்த பிறகுதான் தெரிந்தது.

இந்தியாவும் இப்படி உடையுமா என்ற கேள்வி அன்று எழுந்தது. பஞ்சாபும் காஷ்மீரும் அசாமும் கொந்தளித்த காலம். அந்நியச் செலாவணி கையிருப்பும் வற்றியிருந்தது. இரண்டு நாடுகளின் சட்டப் புத்தகங்களையும் ஒப்பிட்டால் விநோதமான விஷயம் தெரியும். விலகும் உரிமையைத் தந்த சோவியத் சட்டம், மாஸ்கோவோடு முரண்படும் ஒருவரை ஒரு குடியரசின் மக்கள் தேர்ந்தெடுக்க விடவில்லை. இந்திய அரசியல் சட்டம் விலகும் உரிமையைத் தரவில்லை. ஆனால் மத்திய ஆட்சியை எதிர்ப்பவர்கள் மாநிலத்தில் ஆட்சிக்கு வர முடிந்தது. மொழிக்காகப் போராடியவர்களுக்கு 1953-ல் ஆந்திராவும், 1956-ல் மொழிவாரி மாநிலங்களும், 1965 போராட்டத்துக்குப் பிறகு 1967-ல் ஆட்சிமொழித் திருத்தச் சட்டமும் கிடைத்தன. எல்லா இடத்திலும் இது பலித்தது என்று சொல்ல முடியாது. காஷ்மீரும் வடகிழக்கும் சாட்சி. ஆனால் மனக்குறையைச் சொல்ல ஒரு வாசல் திறந்திருந்தது. சோவியத்தில் அந்த வாசல் 1989-ல் முதன்முறையாகத் திறந்தபோது எழுபது வருட மனக்குறை மொத்தமாக வெளியே வந்தது.

தீராத கணக்கு

1991-ல் ரத்தம் அதிகம் சிந்தாமல் யூனியன் கலைந்தது உண்மை. அதற்காக கோர்பசேவுக்குப் பாராட்டு சேர வேண்டியதே. ஆனால் போர்கள் தவணை முறையில் வந்தன. தஜிகிஸ்தானில் 1992 முதல் 1997 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். மால்டோவாவில் டிரான்ஸ்னிஸ்த்ரியா, ஜார்ஜியாவில் அப்காசியாவும் தெற்கு ஒசேத்தியாவும் துப்பாக்கி முனையில் பிரிந்தன. ருஷ்யாவுக்குள் இருந்த செச்சன்யா, முழுக் குடியரசு அந்தஸ்து இல்லாத சுயாட்சிப் பகுதி என்பதால், பதினைந்தில் ஒன்றாக ஏற்கப்படவில்லை. அதன் விலை இரண்டு போர்கள். கராபாக்கில் 1994-ல் ஆர்மீனியர்கள் வென்றார்கள். 2020-ல் அஜர்பைஜான் திருப்பி அடித்தது. 2023 செப்டம்பரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களுக்குள் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள்.

2014-ல் ருஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு தொடங்கியது. சோவியத் காலத்தின் மலிவான மருத்துவக் கல்வி மரபை நம்பி அங்கே படிக்கப் போன தமிழக மாணவர்கள் உள்பட சுமார் 22,500 இந்தியர்களை ‘ஆபரேஷன் கங்கா’ மீட்டு வந்தது. சோவியத் யூனியனின் வீழ்ச்சியை நூற்றாண்டின் மிகப் பெரிய புவிசார் அரசியல் பேரழிவு என்று 2005-ல் சொன்னவர் விளாதிமிர் புதின். லெனின் வரைந்த கோடுகளே உக்ரைன் என்ற நாட்டை உருவாக்கின என்பது அவர் வாதம். 1991 டிசம்பரில் உக்ரைன் மக்கள் போட்ட வாக்குகளை அந்த வாதம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. காட்டு மாளிகையில் கையெழுத்திட்ட ஷுஷ்கேவிச்சும் கிராவ்ச்சுக்கும் அந்த ஆண்டு மே மாதத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று கோர்பசேவும் போனார். மதிப்பதாக அன்று ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லையில் பீரங்கிகள் முழங்குவதைப் பார்த்துவிட்டே மூவரும் கண் மூடினார்கள்.

வேறு மாதிரி உதாரணமும் இல்லாமல் இல்லை. கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் இடையில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் எல்லை. அதில் பாதி எங்கே போகிறது என்பதில் பல வருடங்களுக்குத் தகராறு. சோவியத் காலத்தின் வெவ்வேறு ஆண்டு வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு இரு நாட்டு அதிகாரிகளும் வாதாடினார்கள். ஒரு வாய்க்கால் மதகுக்காக, ஒரு மேய்ச்சல் பாதைக்காகத் துப்பாக்கிகள் வெடித்தன. 2021-லும் 2022-லும் நடந்த மோதல்களில் கிராமங்கள் எரிந்தன, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இரு தரப்பும் வரைபடத்தை ஓரம் வைத்துவிட்டுத் துண்டு துண்டாகப் பேசத் தொடங்கின. இந்த நிலத்துக்கு அந்த நிலம் மாற்று, இந்தச் சாலை இருவருக்கும் பொது, இந்த மதகை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 2025 மார்ச் 13 அன்று பிஷ்கெக்கில் இரு நாட்டு அதிபர்களும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே மாதக் கடைசியில் உஸ்பெகிஸ்தானும் சேர, மூன்று நாடுகளும் சந்திக்கும் புள்ளி எது என்பதும் தீர்மானமாயிற்று.

மாஸ்கோவில் ஒரு மேஜையில் போட்ட கோட்டைத் திருத்த, ஃபெர்கானா சமவெளி மக்களுக்கு நூறு வருடம் பிடித்திருக்கிறது.